நோய் காட்டாத நாற்று

தை பிறந்து ஒரு வாரம் இருக்கும். பனி இன்னும் விட்டபாடில்லை. முசரவாக்கத்தில் என் நாற்றுப் பண்ணையின் வாசலில் சம்பந்தத்தின் குட்டி யானை வந்து நின்றது. குட்டி யானை என்று நாங்கள் சொல்வது சின்னச் சரக்கு வண்டியை. பின்னால் வைக்கோல் பரப்பி, தார்ப்பாயை மடித்து வைத்து, சம்பந்தி வீட்டுக்குச் சீர் கொண்டுபோகிறவர் மாதிரி சிரித்தபடி இறங்கினார் மனிதர்.

சம்பந்தம் திருமுக்கூடல் பக்கத்து விவசாயி. இரண்டு வருஷமாக அவர் போட்ட தக்காளியெல்லாம் பூக்கிற நேரத்தில் வாடல் நோய் கண்டு, நின்ற நிலையிலேயே தலை தொங்கிச் செத்துப்போயின. மண்ணிலேயே இருக்கிற நோய் அது. வேர் வழியாக வரும். அதனால்தான் என்னிடம் வந்தார். நான் காட்டுக் கத்தரியின் அடிப்பகுதியோடு தக்காளியின் தலைப்பகுதியை ஒட்டி நாற்றாக்கித் தருகிறவள். வேர் கத்தரியுடையது, காய் தக்காளியுடையது. அந்த வேரை வாடல் நோயால் ஒன்றும் செய்ய முடியாது.

"ஏத்திடலாமா மேடம்?"

"இன்னைக்குத் தர முடியாது சம்பந்தம்."

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. பச்சை வலைக்குடிலுக்குள் எட்டிப் பார்த்தார். இருபது தட்டுகளிலும் அவர் கேட்ட நாற்று நிரம்பி நின்றது. இலை நுனியில் பனித்துளி. ஒரு பழுப்பு இல்லை, ஒரு சுருக்கம் இல்லை.

"இன்னா மேடம் இது? செடி தளதளன்னு நிக்குது. இதுக்கு மேல இன்னா வேணும்? நெலத்துல பார் போட்டு, பைப்பு இழுத்து, நேத்தே தண்ணி விட்டு வெச்சிக்கினு வந்திருக்கேன்."

"நாலு நாள் பொறுங்க. வெயில்ல கொஞ்சம் பழகட்டும்."

பொய். அந்த நாற்று வெயிலில் பழகி மூன்று நாளாகிவிட்டது. எனக்குப் பொய் சொன்னால் காது சூடாகும். அன்றைக்கு இரண்டு காதும் கொதித்தன.

அவர் முணுமுணுத்துக்கொண்டே வெறும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். நான் குடிலுக்குள் போய் அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு நல்ல நாற்றை அதற்கு முன் நான் வளர்த்ததே இல்லை. முந்தின நாள் சாயங்காலம் வரை எனக்கும் அதில் பெருமைதான்.

விரலைப் பார்த்து வந்த பேராசை

இந்த இடத்தில் கஸ்தூரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

கஸ்தூரி, பட்டுத் தறிகள் நிறைந்த பிள்ளையார்பாளையத்தில் பாவு பிணைக்கிறவள். தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளுக்குப் பாவு என்று பெயர். ஒரு பாவு நெய்து முடியும் நேரத்தில் புதுப் பாவைக் கொண்டுவந்து, பழைய முனையோடு புது முனையை இழை இழையாக முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கில் இழை. ஒன்று தப்பினாலும் புடவையில் கோடு விழும். கஸ்தூரி ராத்திரி பார்த்த சீரியல் கதையைச் சொல்லிக்கொண்டே, மாமியாரைத் திட்டிக்கொண்டே பிணைப்பாள். ஓர் இழை தப்பாது.

அவளை ஒரு தெரிந்தவர் வீட்டில் வேலை நேரத்தில் பார்த்தேன். அந்த விரல்களைப் பார்த்ததும் எனக்குப் பேராசை வந்துவிட்டது. என் பண்ணையில் ஒட்டுப் போட வந்தவர்கள் எல்லாரும் தீக்குச்சி பருமனே உள்ள தண்டைப் பிடித்து நசுக்கித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நானும் கத்திக் கத்தித் தொண்டை வற்றிப்போயிருந்தேன். எனக்குக் கோபம் மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கும், இந்தத் தொடரை வாராவாரம் படிப்பவர்களுக்கு இது புதுச் செய்தி அல்ல.

"செடிக்கு ஒட்டுப் போட வர்றியா கஸ்தூரி?"

"நூலுன்னா தெரியும். செடிய நான் இன்னாத்த கண்டேன்?"

ஆனாலும் வந்தாள். பாவு இல்லாத நாட்களில் மத்தியானம் பஸ் பிடித்து வருவாள். பழகுவதற்கென்று முதலில் கொஞ்சம் செடி கொடுத்தேன். ஒரே வாரத்தில் என்னைத் தாண்டிப் போய்விட்டாள். கத்தரித் தண்டைச் சாய்வாக ஒரு வெட்டு, தக்காளித் தண்டைச் சாய்வாக ஒரு வெட்டு, இரண்டையும் சேர்த்துச் சின்ன ரப்பர் கிளிப். நான் ஒன்று முடிப்பதற்குள் அவள் மூன்று முடிப்பாள்.

அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. பாவு பிணைக்க உட்காரும்போது இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து திருநீறு எடுத்து நெற்றியில் இட்டுக்கொள்வாள். மிச்சத்தை விரல்நுனிகளில் தடவிக்கொள்வாள். பட்டிழை வழுக்காமல் இருக்க அந்தச் சாம்பல் வேண்டும். நாலைந்து இழைக்கு ஒருமுறை விரலை உதட்டில் தொட்டு ஈரம் செய்துகொள்வாள். செடிக்கும் அதேதான். நெற்றிக்குத் திருநீறு, விரலுக்குத் திருநீறு, உதட்டில் ஒரு தொடல், அப்புறம் தண்டைப் பிடித்தால் தண்டு நழுவாது.

நான் அதைப் பார்த்து மெச்சினேன். மற்றவர்களைக் கூப்பிட்டு, "பாருங்க, இப்படிப் பிடிக்கணும்" என்று பாடம் வேறு எடுத்தேன். இப்போது நினைத்தாலும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

கைராசி என்றால் சும்மா இல்லை

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். முகூர்த்தப் புடவைக்குப் பாவு ஏறும்போது அதை யார் பிணைப்பது என்று எங்கள் தறிக்காரர்கள் பார்ப்பார்கள். எல்லாக் கையையும் விடமாட்டார்கள். அந்தக் கை தொட்டது துலங்க வேண்டும். கஸ்தூரியின் கைக்கு அந்தப் பெயர் இருந்தது. தை, மாசி, பங்குனியில் அவளைப் பிடிக்க முடியாது. ஒரு தறி வீட்டிலிருந்து இன்னொரு தறி வீட்டுக்கு ஓடிக்கொண்டே இருப்பாள்.

"என் கை தொட்ட புடவை கட்டிக்கினு போன பொண்ணு ஒண்ணு கூட கண்ணு கலங்கி திரும்பி வந்தது கெடையாது" என்பாள். எப்படிச் சரிபார்த்தாள் என்று கேட்டால் அடிக்க வருவாள். அவளுக்கு ஊரில் இருந்த மரியாதை எல்லாம் அந்தப் பெயரில்தான் இருந்தது. புருஷன் இல்லாமல் தனியாக நின்று அவள் சம்பாதித்தது அது.

ரெட்டைப் பச்சை

சம்பந்தம் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம், கஸ்தூரி ஒரு பழைய பெயின்ட் டப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கினாள். ஒன்றரை மாதத்துக்கு முன் பழகுவதற்காக அவள் முதன்முதலில் ஒட்டிய செடி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோய் மாடியில் வைத்திருந்தாள். அதைத்தான் எனக்குக் காட்ட எடுத்துவந்தாள்.

"வாசுகிம்மா, இங்க பாரு அதிசயத்த. ரெட்டைப் பச்சைல வந்திருக்குது!"

பட்டில் பாவு ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடு ஒரு நிறம் போட்டு நெய்தால் இரண்டு சாயல் கலந்து மின்னும். அதைத்தான் சொன்னாள். செடியின் மேல் இலைகளில் வெளிர்பச்சையும் கரும்பச்சையும் திட்டுத் திட்டாகக் கலந்திருந்தன. நுனி இலை ஒடுங்கி நூல் மாதிரி நீண்டிருந்தது. அவள் முகமெல்லாம் பூரிப்பு.

தேமல் நோய். அதிலும் அந்த மாதிரித் தேமல் எதிலிருந்து வரும் என்று எனக்குத் தெரியும். மெதுவாக அவள் வாயைப் பார்த்தேன். செக்கச்செவேல் என்று இருந்தது.

"கஸ்தூரி, வெத்தலையோட புகையிலை போடுவியா?"

"இன்னாமா புதுசா கேக்கற? முப்பது வருசமா போடறேன். ஒரு கிள்ளு அடக்கிக்கினா தான் கை ஓடும்."

இருபது வருஷம் நான் செய்த வேலை

பண்ணை தொடங்குவதற்கு முன் நான் ஒரு கல்லூரியின் தாவரவியல் துறையில் ஆய்வக உதவியாளராக இருந்தேன். வருஷா வருஷம் மாணவர்களுக்குக் காட்டுவதற்காக நல்ல செடிக்கு வேண்டுமென்றே நோய் கொடுப்பது என் வேலை. நோயுள்ள இலையை அரைத்துச் சாறு எடுப்பேன். நல்ல இலையின் மேல் நைசான பொடி தூவுவேன். ஈர விரலால் மெல்லத் தேய்ப்பேன். பொடி கண்ணுக்குத் தெரியாத கீறல்களை உண்டாக்கும். வைரஸ் தானாகக் கதவைத் திறந்துகொண்டு போகத் தெரியாதது, கீறல் வழியாகத்தான் போகும்.

நைசான பொடி, ஈர விரல், மெல்லத் தேய்ப்பது. கஸ்தூரி செய்தது இதேதான். புகையிலைச் செடியைப் பிடிக்கிற தேமல் வைரஸ், இலை காய்ந்து பொட்டலமாகி வருஷக்கணக்கில் கடையில் தொங்கினாலும் சாகாது. தக்காளி புகையிலைக்குச் சொந்தக்காரச் செடி, சுலபமாகப் பிடித்துக்கொள்ளும். எங்கள் துறைத் தலைவர் பீடி பிடிக்கிற தோட்டக்காரரைச் செடிப் பக்கமே விடமாட்டார். சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வா என்று என்னையே நாளைக்குப் பத்து முறை விரட்டியிருக்கிறார்.

அப்படியிருந்தும் தினமும் அந்தச் சிவந்த வாயைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். எங்கள் ஊரில் வெற்றிலை போட்ட வாய் யார் கண்ணுக்கும் தனியாகத் தெரிவதில்லை. கண் பழகிவிட்டது, அவ்வளவுதான். தெரியாதவள் செய்தால் தப்பு. தெரிந்தவள் பார்த்துக்கொண்டிருந்தால் அதற்கு என்ன பெயர்?

உள்ளே நடப்பது

பச்சையாக இருக்கிற செடிக்குள் நோய் எப்படி இருக்கும் என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன்.

வைரஸ் நுழைந்த இலையில் முதலில் ஒன்றுமே தெரியாது. ஓர் அறைக்குள், அதாவது இலையின் ஒரு செல்லுக்குள், போய் உட்கார்ந்துகொண்டு, அந்த அறையின் அடுப்பு, பாத்திரம் எல்லாவற்றையும் எடுத்துத் தன்னைப் போலவே இன்னும் பலதைச் சமைத்துக்கொள்ளும். பிறகு பக்கத்து அறை. அதற்கடுத்த அறை. அறைகளுக்கு நடுவே செடியே வைத்திருக்கிற சின்னச் சின்ன வழிகள் உண்டு, அவற்றின் வழியாகத்தான் நகரும். இலையோ தன் பாட்டுக்கு வெயில் வாங்கி உணவு தயாரித்துக்கொண்டிருக்கும்.

சில நாளில் நரம்பை எட்டும். இலை தயாரித்த உணவை மற்ற இடங்களுக்குக் கொண்டுபோகிற பாதை அது. அங்கே விழுந்துவிட்டால் ஓட்டம்தான். பெரும்பாலும் முதலில் வேருக்கு இறங்கும். அப்புறம் குருத்துக்கு ஏறும்.

இதில் எனக்கு இன்றைக்கும் மனசைப் பிசைகிற ஒரு விஷயம் உண்டு. விரல் பட்ட இலையில் தேமல் வராது. அது கடைசி வரை பச்சையாகவே இருந்து முதிர்ந்து விழும். விரல் பட்ட அன்றைக்குப் பிறக்காத இலையில்தான் தேமல் வரும். ஒட்டுக் கட்டிய நாற்று பத்துப் பன்னிரண்டு நாள் புது இலையே விடாது, காயம் ஆற்றிக்கொள்ளவே அதற்கு நேரம் சரியாக இருக்கும். காட்டுவதற்கு இலை இருந்தால்தானே காட்டும்? போதாக்குறைக்கு மார்கழிக் குளிர் வேறு எல்லாவற்றையும் தாமதமாக்கிவிட்டிருந்தது.

இப்படி ஒளிந்திருப்பது வைரஸ் மட்டும் இல்லை. வாலாஜாபாத் சந்தையில் மாம்பழம் வாங்கியிருப்பீர்கள். வாங்கும்போது தோல் பளபளவென்று இருக்கும். மூன்றாம் நாள் கரும்புள்ளி வந்து குழிந்துவிடும். கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று நானும் ஒருமுறை சண்டைக்குப் போயிருக்கிறேன். பாவம் அந்த ஆள். அந்தப் பூஞ்சை காய் பிஞ்சாக இருக்கும்போதே தோலில் வந்து உட்கார்ந்துவிடும். பச்சைக் காயின் துவர்ப்பு அதற்கு ஆகாது. காய் பழுத்து இனிக்கிற வரைக்கும் மூச்சுக் காட்டாமல் காத்திருக்கும். அந்தக் கடைக்காரரிடம் பிறகு போய் மன்னிப்புக் கேட்டேன். எந்தச் சண்டை என்றே அவருக்கு ஞாபகம் இல்லை.

ஊமத்தையிடம் கேட்டேன்

சம்பந்தத்தை நாலு நாள் பொறுக்கச் சொன்னதற்குக் காரணம் வேலியோரம் வளர்ந்திருந்த ஊமத்தை. சிவனுக்குப் பூ வைப்போமே, அதுதான்.

இந்த வைரஸ் ஊமத்தை இலைக்குள் நுழைந்தால் ஊமத்தை சும்மா இருக்காது. நுழைந்த இடத்தைச் சுற்றியுள்ள அறைகளைத் தானே சாகடித்து வைரஸை அங்கேயே அடைத்துவிடும். அதனால் மூன்று நாலு நாளிலேயே இலையில் சின்னச் சின்னப் புள்ளி விழும். எதிர்த்து நிற்கிற செடியில் உடனே தெரியும். தக்காளி எதிர்க்கவே இல்லை, அதனால்தான் அழகாக நின்றது.

சம்பந்தத்தின் வண்டி போனதும் இருபது தட்டிலிருந்தும் ஒவ்வோர் இலை கிள்ளினேன். தனித்தனியாக அரைத்து, ஊமத்தை இலைகளில் பொடி தூவித் தேய்த்து, தண்ணீரால் கழுவினேன். எந்த இலை எந்தத் தட்டு என்று தெரிய, கழிவுப் பட்டு நூலை ஒவ்வொரு நிறமாகக் காம்பில் கட்டினேன். ஓர் இலையில் வெறும் தண்ணீர் மட்டும் தேய்த்துவைத்தேன், ஒப்பிட்டுப் பார்க்க.

நாலாம் நாள் காலையில் பார்த்தேன். தண்ணீர் தேய்த்த இலை சுத்தம். மற்ற எல்லாவற்றிலும் பழுப்புப் புள்ளிகள். நான் என் கையால் ஒட்டிய தட்டு ஒன்று இருந்தது, அதற்குச் சிவப்பு நூல் கட்டியிருந்தேன். அதிலும் புள்ளி. கஸ்தூரி வைத்த பிளேடைத்தான் நானும் எடுத்து வெட்டியிருக்கிறேன்.

அன்று மத்தியானம் கஸ்தூரியை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். புள்ளிகளைக் காட்டினேன். அவள் தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப என் கைதான் கெடுத்துச்சா?"

"கை இல்ல கஸ்தூரி. புகையிலை. உனக்குச் சோப்பு வெச்சு, கழுவிட்டு உக்காருன்னு நான் சொல்லியிருக்கணும். எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாது."

"உனக்குப் புரியுது. பாளையத்துல இப்டியா பேசுவாங்க? அவ தொட்ட செடி செத்துப்போச்சும்பாங்க. அப்பறம் எந்த முகூர்த்தப் பாவுக்கு என்னைக் கூப்பிடுவாங்க?" என் கையைப் பிடித்துக்கொண்டாள். "யாருக்கும் சொல்லாதம்மா."

"சத்தியமா சொல்ல மாட்டேன்" என்றேன்.

தலையாட்டல்

மறுநாள் காலையில் சம்பந்தம் வந்தபோது நானும் கஸ்தூரியும் நாற்றைப் பிடுங்கிக் குழியில் போட்டுக்கொண்டிருந்தோம். மனிதர் ஓடிவந்தார்.

"ஐயோ, இன்னா மேடம் பண்றீங்க? நல்லா கீற செடிய!"

"உள்ள நோய் இருக்கு சம்பந்தம். உங்க நிலத்துல வெச்சு பத்து நாள்ல தெரிஞ்சிடும். வேற நாற்று போட்டுத் தரேன். ஒரு மாசம் டைம் கொடுங்க."

"எங்கேர்ந்து வந்துச்சு நோயி?"

"கை வழியா வரும். செடியைத் தொடுற கை."

"யாரு கை?"

நான் ஒரு வார்த்தை பேசவில்லை. கொடுத்த சத்தியம் ஞாபகம் இருந்தது. என் கண் மட்டும் கஸ்தூரியின் விரல்களுக்குப் போய்த் திரும்பியது. ஒரு நொடிகூட இருக்காது. சம்பந்தம் அதைப் பார்த்துவிட்டார். கஸ்தூரி குனிந்து பிடுங்கிக்கொண்டிருந்தாள். அவள் பார்க்கவில்லை.

கிளம்பும்போது என்னைத் தனியாக வண்டிப் பக்கம் கூப்பிட்டார். "மேடம், தப்பா நெனைக்காதீங்க. அடுத்த நாத்து அந்தம்மா கை படாம குடுங்க."

நான் தலையாட்டினேன். "என் கையும்தான் படக்கூடாது, நான் ஒட்டினதும் கெட்டுப்போச்சு" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தொழில் நடத்துகிறவளுக்குக் கௌரவம் பெரிதாகத் தெரிந்தது. இவ்வளவுதான் காரணம், இதைவிட நல்ல காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

அடுத்த நாற்று முழுவதையும் கஸ்தூரிதான் ஒட்டினாள். அவளைத் தவிர எனக்கு வேறு யார் இருந்தார்கள்? புகையிலையை வாசலிலேயே துப்பிவிட்டு, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒரு பேசினில் பால்பவுடர் கரைத்து வைத்தேன். பால் இந்த வைரஸைக் கட்டிப்போடும், அதனால் விரலையும் பிளேடையும் அடிக்கடி அதில் நனைக்க வேண்டும்.

"சாமிக்கு ஊத்தற பால்ல கைய முக்கச் சொல்றியே, உருப்படுவமா நாம?" என்று கேட்டுக்கொண்டே முக்கினாள்.

அந்த நாற்று சம்பந்தத்தின் நிலத்தில் பிரமாதமாக வந்தது. ஒரு செடி வாடவில்லை, ஓர் இலையில் தேமல் இல்லை. திருமுக்கூடல் பக்கத்தில் அவர் அதைப் பற்றிப் பேசாத ஆளில்லை. யார் ஒட்டியது என்று அவர் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை.

பாளையத்தில்

சம்பந்தத்தின் மச்சான் ஏகாம்பரம் பிள்ளையார்பாளையத்தில் தறி வைத்திருக்கிறார். பேச்சு அந்த வழியாகப் போயிருக்க வேண்டும். முதல் சில வாரம் ஒன்றும் தெரியவில்லை. கஸ்தூரிக்கு வழக்கம்போல் வேலை வந்தது. பங்குனியில் ஒரு வீட்டில் "முகூர்த்தப் பாவு இல்லம்மா, சாதா பாவுதான்" என்றார்கள். இன்னொரு வீட்டில், வேறு ஆள் சொல்லிவிட்டோம் என்றார்கள். ஆவணியில் ஒரு முகூர்த்தப் பாவுகூட அவளுக்கு வரவில்லை.

அவள் என்னிடம் ஒரே ஒருமுறை கேட்டாள். "நீ யாருக்கும் சொல்லலையேமா?"

"ஒரு வார்த்தை சொல்லல" என்றேன். அது உண்மை என்று எனக்கு நானே எத்தனை முறை சொல்லிக்கொண்டேன் தெரியுமா? வாய் திறக்கவில்லை, சத்தியத்தை மீறவில்லை. இப்படி இரண்டு வருஷம் ஓடியது. என்னோடு உட்கார்ந்து அவள் சாப்பிட்ட ஒவ்வொரு மத்தியானமும் எனக்கு நெஞ்சில் முள்ளாக இருந்தது.

இதை எழுதலாமா என்று கஸ்தூரியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "பேரு போட்டே எழுதும்மா" என்றாள்.

ஏகாம்பரம் வீட்டுத் தறி

போன வருஷம் என் மகள் நித்யாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. முகூர்த்தப் புடவையை ஏகாம்பரத்திடமே நெய்யக் கொடுத்தேன், வேண்டுமென்றேதான். பாவு பிணைக்கிற அன்றைக்கு கஸ்தூரியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். அவள் வரமாட்டேன் என்று தெருவிலேயே நின்றாள்.

"வேணாம்மா. நாளைக்கு உன் பொண்ணுக்குத் தலைவலி வந்தாக்கூட என்னைத்தான் சொல்லுவாங்க."

"வா நீ."

உள்ளே ஏகாம்பரம் தறிப் பக்கம் நின்றிருந்தார். சம்பந்தம் மாப்பிள்ளை வீட்டுக்கும் தெரிந்தவர் என்பதால் அவரும் வந்திருந்தார். கஸ்தூரியைப் பார்த்ததும் ஏகாம்பரத்தின் முகம் மாறியது.

"மேடம், வேற ஆள் சொல்லி வெச்சிருக்கேன். முகூர்த்தத்துக்குன்னா கொஞ்சம் பார்த்துதான்..."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு சத்தம் வந்ததோ. பக்கத்து வீட்டுத் தறி நின்றது கேட்டது. "என்னத்தைப் பார்க்கணும்? அன்னைக்கு நாற்று கெட்டுப்போனது புகையிலையில இருக்கிற நோயால. கையைக் கழுவச் சொல்ல வேண்டியவ நான். நான் ஒட்டின தட்டும் சேர்ந்துதான் கெட்டுச்சு. அதை மறைச்சது நான்!"

வாசலில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். நான் சம்பந்தத்தின் பக்கம் திரும்பினேன்.

"ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருக்கீங்களே ஒரு தக்காளி, ஒரு செடி வாடலைன்னு? அந்த நாற்று அத்தனையும் ஒட்டினது இந்தக் கைதான். அவ கை படக்கூடாதுன்னு நீங்க கேட்டப்ப நான் தலையாட்டினேன். பொய்யா ஆட்டினேன்."

சம்பந்தம் "அந்த செடியா மேடம்? எல்லாமேவா?" என்று மட்டும் கேட்டார். ஏகாம்பரம் கஸ்தூரியைப் பார்த்தார், தறியைப் பார்த்தார், பிறகு மெல்ல நகர்ந்து அவளுக்கு வழி விட்டார்.

கஸ்தூரி உட்காரவில்லை. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் நிறைந்திருந்தது. அதில் நன்றி இருக்கும் என்று நான் எதிர்பார்த்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

"அந்த நாத்து நான் கட்டினதுன்னு இவங்களுக்குத் தெரியாதாமா?"

"தெரியாது."

"அது நல்லா வந்தப்பவே சொல்லி இருக்கலாமில்ல? ரெண்டு வருசம் என் பக்கத்துலயே உக்காந்து சோறு தின்னியே."

நான் ஜன்னல் ஓரமாக அப்படியே நின்றேன்.

கஸ்தூரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தறியின் முன்னால் உட்கார்ந்தாள். புதுப் பாவின் முதல் இழையை எடுத்து, பழைய முனையோடு சேர்த்துப் பிடித்தாள். பிடித்தவள் முறுக்காமல் தலையைத் தூக்கினாள்.

"நகரும்மா" என்றாள். "வெளிச்சத்த மறைச்சிக்கினு நிக்கிற."